ஒரு சதவீத ஏற்றம்: இந்தக் கணக்கு எங்கிருந்து வந்தது?

சென்ற இதழில் நம் வளாகக் கிணற்றைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு, "அடுத்து என்ன சார்?" என்று சிலர் கேட்டார்கள். அடுத்தது தயாராகவே இருந்தது. கிளப் ஹவுஸ் கீழ்த்தளத்து உடற்பயிற்சி அறையில், இரண்டு டிரெட்மில்லுக்கும் மேலே, லேமினேட் செய்த ஒரு தாள் ஒட்டியிருக்கிறதே, பார்த்திருப்பீர்கள். "இன்க்ளைன் 1-ல் வைத்து மட்டுமே பயன்படுத்தவும். அப்போதுதான் வெளியே ஓடுவதற்குச் சமம்." கையெழுத்து இல்லை, தேதி இல்லை. யார் ஒட்டியது என்று செயலாளரைக் கேட்டேன். "நான் பொறுப்பேற்கும்போதே இருந்தது சார்" என்றார்.

முப்பத்தைந்து வருடம் வங்கியில் குமாஸ்தாவாக இருந்தவன் நான். வவுச்சர் இல்லாத என்ட்ரியைப் பார்த்தால் இன்றைக்கும் கை அரிக்கும். அந்த "1" எங்கிருந்து வந்தது, யார் கணக்குப் போட்டது, யாருக்காகப் போட்டது என்று தேடப் போனதன் விளைவுதான் இந்தக் கட்டுரை.

தேடியதற்குச் சொந்தக் காரணமும் உண்டு. போன மழைக்காலத்தில் நம் தெருவில் முழங்கால் அளவு தண்ணீர் நின்றபோது, வெளியே நடப்பதை விட்டுவிட்டு டிரெட்மில்லுக்கு மாறினேன். ஒன்று நல்லதென்றால் ஐந்து இன்னும் நல்லதுதானே என்று நானாகவே 5-ல் வைத்து இரண்டு வாரம் நடந்தேன். மூன்றாவது வாரம் குதிகாலுக்கு மேலே உள்ள நரம்பு பிடித்துக்கொண்டு படி இறங்க முடியவில்லை. மூன்று வாரம் நடையே இல்லை. வெறும் வயிற்றில் 130-ஐ ஒட்டி இருந்த சர்க்கரை 160-ஐத் தாண்டியது. வீட்டில் வாங்கிய திட்டு தனிக் கணக்கு. பி பிளாக்கில் எழுபது வயது கடந்த ஒரு மாமியும், "அந்த ஏத்தம் எனக்கு ஒத்துக்கலை, அது இல்லாம நடந்தா பிரயோஜனம் இல்லைன்னு போட்டிருக்கே" என்று சொல்லி வருவதையே நிறுத்திவிட்டார். ஒரு தாள் இரண்டு பேரை உட்கார வைத்துவிட்டது என்று அப்போதுதான் உறைத்தது.

கணினித் துறையில் இருக்கும் டி பிளாக் தம்பி ஒருவர் தினமும் காலை அங்கே ஓடுவார். அவரிடம் கேட்டேன். "அங்கிள், டிரெட்மில்ல பெல்ட்டே காலைப் பின்னாடி இழுத்துடுது. பாதி வேலையை மெஷினே செஞ்சிடுது. அதைச் சரிக்கட்டத்தான் ஒண்ணு" என்றார். அவர் ஓட்டத்தைப் பார்த்தால் நம்பத்தான் தோன்றும். ஆனால் அது சரியான விடை இல்லை. அதற்குப் பிறகு வருகிறேன். முதலில் இந்த இயந்திரத்தின் பூர்வீகம்.

டிரெட்மில் என்ற பெயர் முதலில் சிறைச்சாலைக்குச் சொந்தம். இங்கிலாந்தில் வில்லியம் க்யூபிட் என்ற பொறியாளர் 1818 வாக்கில் பரி செயின்ட் எட்மண்ட்ஸ் சிறைக்காக ஒரு பெரிய மரச் சக்கரம் வடிவமைத்தார். சக்கரத்தின் வெளிப்புறம் முழுக்கப் படிக்கட்டு. கைதிகள் வரிசையாக நின்று ஒரு கம்பியைப் பிடித்துக்கொண்டு ஏறிக்கொண்டே இருக்க வேண்டும். எவ்வளவு ஏறினாலும் இருந்த இடத்திலேயே இருப்பார்கள். 1821-ல் லண்டன் பிரிக்ஸ்டன் சிறைக்கு வந்தபோது இது நாடு முழுக்கப் பெயர் பெற்றது. ஆரம்பத்தில் சக்கரம் தானியம் அரைத்தது. பல இடங்களில் அரைப்பதற்கு ஒன்றும் இல்லாமல், கூரை மேல் விசிறி போன்ற தட்டுகளைச் சுற்ற விட்டார்கள், கைதிக்கு எதிர்ப்பு கிடைக்க வேண்டுமே என்று. காற்றை அரைப்பது என்று கைதிகள் அதற்குப் பெயர் வைத்திருந்தார்கள். எழுத்தாளர் ஆஸ்கார் வைல்டு 1895-ல் பென்டன்வில் சிறையில் இந்தச் சக்கரத்தில் ஏறியவர். 1898-ல் வந்த சிறைச் சட்டத்துக்குப் பிறகு பிரிட்டனில் இது வழக்கொழிந்தது.

ஆக டிரெட்மில் பிறந்ததே ஏற்றத்தோடுதான். அமெரிக்கப் பண்ணைகளில் குதிரையை நடக்க விட்டுக் கதிரடிக்கும் இயந்திரத்தை ஓட்டிய நகரும் பலகைகளும் சாய்வாகவே இருந்தன. குதிரையின் எடை பலகையைக் கீழே தள்ளினால்தானே சக்கரம் சுற்றும். பிறகு இது ஆராய்ச்சிக்கூடத்துக்குள் போனது. பெர்லின் விவசாயக் கல்லூரியில் நாதன் சுன்ட்ஸ் என்ற உடலியல் பேராசிரியர் 1889-ல் குதிரைகளுக்காக ஒரு ஓடுபட்டை அமைத்து, நடக்கும் குதிரை எவ்வளவு ஆக்சிஜன் செலவழிக்கிறது என்று அளந்தார். இந்த "எவ்வளவு ஆக்சிஜன்" என்பதை நினைவில் வையுங்கள். இனி வரும் எல்லாக் கணக்கிலும் நாணயம் அதுதான். உடம்பு எவ்வளவு உழைக்கிறது என்பதை அது எடுத்துக்கொள்ளும் ஆக்சிஜனைக் கொண்டு அளப்பார்கள்.

வணிகவியல் படித்தவன் என்ற முறையில் ஒரு சின்ன சந்தோஷம். மனித உழைப்பை ஆராய்ந்த புகழ்பெற்ற ஹார்வர்டு களைப்பு ஆய்வுக்கூடம் 1927-ல் தொடங்கியது மருத்துவக் கல்லூரியில் அல்ல, வணிகக் கல்லூரியின் அடித்தளத்தில்! தொழிலாளி ஏன் களைக்கிறான் என்பது வியாபாரத்துக்கும் முக்கியமான கேள்விதானே. அங்கே ஆட்களை மணிக்கு 7 மைல் வேகத்தில், 8.6 சதவீத ஏற்றத்தில், ஐந்து நிமிடம் ஓடவிட்டுச் சோதித்தார்கள். முழு ஐந்து நிமிடமும் தாக்குப்பிடிக்க முடியாதவர்கள் இருப்பார்கள் என்று தெரிந்தே வைத்த சோதனை.

சதவீதம் என்றால் என்ன என்பதில் நம்மில் பலருக்குக் குழப்பம் உண்டு. அது கோணம் அல்ல, பாகை அல்ல. 100 மீட்டர் முன்னே போனால் 1 மீட்டர் மேலே ஏறுவது 1 சதவீதம். நம் பேஸ்மென்ட் கார் ரேம்ப் இதைவிடப் பல மடங்கு செங்குத்து.

இப்போது அந்தத் தம்பி சொன்னதற்கு வருகிறேன். பெல்ட் காலை இழுத்து வேலையைக் குறைத்துவிடுகிறதா? வைகை எக்ஸ்பிரஸில் போயிருப்பீர்கள். ரயில் ஒரே சீரான வேகத்தில் ஓடும்போது, பெட்டிக்குள் இன்ஜின் பக்கமாக நடப்பதும் கார்டு பக்கமாக நடப்பதும் காலுக்கு ஒன்றுதான். தரை நகர்கிறது என்பது ஜன்னலைப் பார்த்தால்தான் தெரியும். வான் இங்கன் ஷெனாவ் என்ற நெதர்லாந்து ஆய்வாளர் 1980-ல் இதையே டிரெட்மில்லுக்குக் கணக்காக எழுதிக் காட்டினார். பெல்ட் சீரான வேகத்தில் ஓடினால், அதன் மேல் ஓடுவதும் தரையில் ஓடுவதும் இயக்கவியல்படி ஒன்றே. மெஷின் யாருக்கும் இலவசமாக எதையும் செய்து தருவதில்லை. ஒரே ஒரு வித்தியாசம்தான். வெளியே ஓடுகிறவர் காற்றைப் பிளந்துகொண்டு ஓடுகிறார். உள்ளே ஓடுகிறவரைச் சுற்றிக் காற்று சும்மா நிற்கிறது. அந்த "1" ஈடுகட்டுவது இந்த ஒன்றைத்தான். சிறைக்கைதிகள் காற்றை அரைத்த இயந்திரத்துக்கு, நூறு வருடம் கழித்துக் காற்றே போதவில்லை என்ற குறை வந்ததை என்னவென்று சொல்வது!

காற்றின் பங்கை முதலில் ஒழுங்காகக் கணக்கிட்டவர் ஏ.வி. ஹில். தசைகளைப் பற்றிய ஆராய்ச்சிக்காக 1922-ம் ஆண்டின் நோபல் பரிசு பெற்றவர். 1943-44-ல் இந்தியாவுக்கு வந்து, நம் நாட்டில் அறிவியல் ஆராய்ச்சி எப்படி அமைய வேண்டும் என்று அறிக்கை எழுதிக் கொடுத்தவரும் இவரே. ஓடுகிற மனிதனின் உருவத்தைச் சிறிதாகச் செய்து, காற்றை வேகமாகச் செலுத்தும் குழாய்க்குள் வைத்து, அதன் மேல் எவ்வளவு விசை விழுகிறது என்று அளந்து, 1928-ல் வெளியிட்டார். காற்றின் எதிர்ப்பு வேகத்தின் இருமடி விகிதத்தில் ஏறும் என்பதே இதன் சாரம். கூட்டுவட்டி மாதிரி. வேகம் இரண்டு மடங்கானால் எதிர்ப்பு நான்கு மடங்கு, மூன்று மடங்கானால் ஒன்பது மடங்கு.

ஆனால் ஹில் அளந்தது பொம்மையை. உயிருள்ள மனிதனை வைத்து அளந்தவர் கிரிஃபித் பியூ. நான் படித்ததிலேயே மனதில் நின்ற ஆள் இவர்தான். டென்சிங்கும் ஹிலாரியும் 1953-ல் எவரெஸ்ட் ஏறியதை நாம் எல்லோரும் பள்ளிக்கூடத்தில் படித்தோம். அந்தக் குழுவில் உடலியல் நிபுணராகப் போனவர் பியூ. அதற்கு முந்தைய வருடமே சோ ஓயு மலைப்பகுதிக்குப் போய், மேலே ஏறுகிறவனுக்கு நிமிடத்துக்கு எவ்வளவு ஆக்சிஜன் வேண்டும், எவ்வளவு தண்ணீர் குடிக்க வேண்டும் என்று அளந்து வந்தார். முன்னால் போனவர்கள் தாகத்தோடும், போதாத ஆக்சிஜனோடும் ஏறியிருந்தார்கள். இவர் இரண்டையும் கூட்டச் சொன்னார். நம் பாடப்புத்தகத்தில் இவர் பெயர் ஒரு வரிகூட இல்லை. கிளையில் பேலன்ஸ் ஷீட் கையெழுத்தாகி மேனேஜருக்குப் பாராட்டு வரும்போது, ராத்திரி பதினொரு மணிவரை டோட்டல் போட்டவனை யார் நினைக்கிறார்கள்?

1968-ல் மெக்சிகோ நகரத்தில் ஒலிம்பிக். கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரம். பியூ அதற்கு முன்பே, 1965-ல், ஓட்டக்காரர்களை அங்கே அழைத்துப்போய்ச் சோதித்திருந்தார். மெல்லிய காற்றில் நெடுந்தூர ஓட்டக்காரர்களுக்கு மூச்சு முட்டியது. குறுதூர ஓட்டங்களிலோ உலக சாதனைகள் சரிந்தன. காற்று மெல்லியதென்றால் மூச்சுக்கு நஷ்டம், எதிர்ப்பில் லாபம். ஒரே காற்று இரண்டு பக்கமும் என்ட்ரி போடுகிறது.

பியூவின் இரண்டு கட்டுரைகள் 1970, 1971-ல் வந்தன. முதலாவதில் வெளியே தடகளப் பாதையில் ஓடுகிறவரையும் டிரெட்மில்லில் ஓடுகிறவரையும் ஒப்பிட்டார். இரண்டாவதுதான் நமக்கு வேண்டிய வவுச்சர். தட்பவெப்பத்தைக் கட்டுப்படுத்தும் அறைக்குள் டிரெட்மில்லை வைத்து, ஓடுகிறவருக்கு எதிரே காற்று வீசச் செய்தார். வினாடிக்கு 18.5 மீட்டர் வரை, அதாவது மணிக்கு 66 கிலோமீட்டருக்கும் மேல். வார்தா புயலுக்கு முந்திய சாயங்காலத்தில் மொட்டை மாடியில் துணி எடுக்கப் போனவர்களுக்கு அந்தக் காற்று புரியும். பிறகு காற்றை நிறுத்திவிட்டு, 2 முதல் 8 சதவீதம் வரை ஏற்றம் வைத்து ஓடச் செய்தார். இரண்டிலும் ஆக்சிஜன் செலவை அளந்தார். ஆக, இவ்வளவு காற்று இவ்வளவு ஏற்றத்துக்குச் சமம் என்று ஒன்றை மற்றொன்றாக மாற்றும் செலாவணி விகிதம் கையில் கிடைத்துவிட்டது.

அவர் கண்டது: 1,500 மீட்டர் போன்ற நடுத்தூர ஓட்ட வேகத்தில், அதாவது வினாடிக்கு 6 மீட்டரில், மொத்தச் செலவில் சுமார் 8 சதவீதம் காற்றுக்கே போகிறது. முன்னால் ஓடுகிறவருக்கு ஒரு மீட்டர் பின்னால் ஒட்டி ஓடினால் அதில் பெரும்பகுதி மிச்சம். 2019-ல் வியன்னாவில் எலியுட் கிப்சோகே 1 மணி 59 நிமிடம் 40 வினாடியில் மராத்தான் தூரத்தை ஓடியபோது, அவரைச் சுற்றி ஒரு கூட்டமே அணிவகுத்து ஓடியதைத் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள். அந்த அணிவகுப்புக்குப் பின்னால் பியூவின் இந்த ஒரு மீட்டர் இருக்கிறது.

எல்லாக் கணக்கையும் போல இதிலும் ஒரு தணிக்கை வந்தது. 1980-ல் சி.டி.எம். டேவிஸ் என்பவர் மறுபடி அளந்து, நடுத்தூர வேகத்தில் 4 சதவீதம்தான், மராத்தான் வேகத்தில் 2 சதவீதம்தான் என்றார். பியூ சொன்னதில் பாதி! இரண்டு பேரும் நேர்மையானவர்கள், இரண்டு பேரேடும் டேலி ஆகவில்லை. இப்படி இருக்கும்போது எந்த ஏற்றத்தை வைப்பது?

1996-ல் இங்கிலாந்தின் பிரைட்டன் பல்கலைக்கழகத்தில் ஆண்ட்ரூ ஜோன்ஸ், ஜோனதன் டவுஸ்ட் என்ற இருவர், கணக்கை விட்டுவிட்டு நேரடியாகவே பார்த்துவிடலாம் என்று முடிவு செய்தார்கள். நன்கு பயிற்சி பெற்ற ஒன்பது ஆண் ஓட்டக்காரர்கள். ஆறு வேகங்கள்: மணிக்கு 10.5, 12, 13.5, 15, 16.5, 18 கிலோமீட்டர். ஒவ்வொரு வேகத்திலும் ஆறு நிமிடம், நடுவே ஆறு நிமிடம் ஓய்வு. இந்த முழு வரிசையையும் ஆறு முறை செய்தார்கள். டிரெட்மில்லில் 0, மறுபடி 0, 1, 2, 3 சதவீதம் என்று ஐந்து முறை, சமமான சாலையில் வெளியே ஒரு முறை. பூஜ்யத்தை ஏன் இரண்டு முறை? முதலில் வந்த எண்ணே திரும்பவும் வருகிறதா என்று பார்க்க. பணத்தை இரண்டு முறை எண்ணுகிற கேஷியருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. எனக்கு அந்த இடத்தில் அவர்கள் மேல் மரியாதையே வந்துவிட்டது.

முடிவை வேகம் வாரியாகப் பார்க்க வேண்டும், இங்கேதான் நம் சுவர்த்தாள் சறுக்குகிறது. 10.5, 12 ஆகிய இரு வேகங்களிலும் சாலை ஓட்டத்தின் செலவு 0 சதவீதத்தோடும் ஒத்துப்போனது, 1 சதவீதத்தோடும் ஒத்துப்போனது. வித்தியாசம் கண்டுபிடிக்கும்படி இல்லை. 2-ம் 3-ம் அதிகம். 13.5-ல் 1 மட்டுமே பொருந்தியது. 15-லும் 16.5-லும் 1 அல்லது 2. மணிக்கு 18-ல் சாலையின் செலவு 1-க்கும் 2-க்கும் நடுவே விழுந்தது. மொத்தத்தில் இந்த வேகங்களுக்கு 1 சதவீதம் வைத்தால் சரியாக வரும் என்று எழுதினார்கள். கட்டுரைத் தலைப்பிலேயே அந்த 1 சதவீதம் இருந்தது. தலைப்பு உலகம் சுற்றியது, உள்ளே இருந்த வேகப் பட்டியல் பிரைட்டனிலேயே தங்கிவிட்டது. ஜோன்ஸ் பின்னாளில் மராத்தான் வீராங்கனை பவுலா ராட்கிளிஃபின் உடலியல் ஆலோசகராக இருந்தவர். அவர் யோசித்த ஓட்டக்காரர்கள் அந்த ரகம். நம் அறையில் ஏழரை மணிக்கு வேட்டியை மாற்றி டிராக் பேன்ட் போட்டுக்கொண்டு வருகிற ரகத்தை அவர் யோசித்திருக்க நியாயமில்லை.

நம் ரகத்துக்குக் கணக்கை நானே போட்டுப் பார்த்தேன். 65 கிலோ எடையுள்ள ஒருவர் 1 சதவீத ஏற்றத்தில் போவது, 650 கிராம் விசை அவரைப் பின்னால் இழுப்பதற்குச் சமம். காற்றின் எதிர்ப்பு, சராசரி உடம்புக்கு ஏறக்குறைய, மணிக்கு 18 கிலோமீட்டரில் 700 கிராம். பாருங்கள், கிட்டத்தட்ட டேலி. மணிக்கு 10 கிலோமீட்டர் மெதுவோட்டத்தில் 200 கிராம் சொச்சம். நாம் நடக்கும் 5 கிலோமீட்டரில்? வெறும் 50 கிராம். இருமடி விகிதத்தின் வேலை. ஐம்பது கிராம் பாக்கிக்கு அறுநூற்றைம்பது கிராம் வசூல் செய்வதை எந்த வங்கியிலும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள், கந்துவட்டிக்காரர்கூட யோசிப்பார்.

அது மட்டும் அல்ல. அமெரிக்க விளையாட்டு மருத்துவக் கல்லூரி என்ற அமைப்பு, ஆக்சிஜன் செலவைக் கணக்கிட ஒரு சூத்திரம் வைத்திருக்கிறது. அதன்படி ஏற்றத்துக்கு ஓடுகிறவர் கொடுக்கும் விலையைவிட நடக்கிறவர் கொடுக்கும் விலை இரண்டு மடங்கு. மணிக்கு 12 கிலோமீட்டரில் ஓடுகிறவருக்கு 1 சதவீதம் கூட்டினால் செலவு சுமார் 4 சதவீதம் ஏறும். 5 கிலோமீட்டரில் நடக்கிறவருக்கோ சுமார் 13 சதவீதம். அதே நடையில் 5 சதவீதம் வைத்தால்? 60 சதவீதத்துக்கும் மேல்! என் குதிகால் நரம்பு இந்தச் சூத்திரத்தைப் படிக்காமலே சொல்லிவிட்டது.

அதற்காக ஏற்றமே தப்பு என்று நான் சொல்ல வரவில்லை. நம்மில் பலர் டி.எம்.டி. என்ற டிரெட்மில் டெஸ்ட் எடுத்திருக்கிறோம். அமெரிக்காவின் சியாட்டிலில் ராபர்ட் புரூஸ் என்ற இதய மருத்துவர் வகுத்த முறை அது. 1963-ல் அவர் வெளியிட்ட வடிவத்தை இன்றும் பின்பற்றுகிறார்கள். ஆரம்பமே 10 சதவீதம், ஆனால் வேகம் மணிக்கு 2.7 கிலோமீட்டர்தான். மூன்று நிமிடத்துக்கு ஒரு முறை இரண்டும் ஏறும்: 12 சதவீதத்தில் 4 கிலோமீட்டர், 14 சதவீதத்தில் ஐந்தரை. மூன்றாவது கட்டத்தில் எனக்கு வியர்த்துக் கொட்டியது, நர்ஸ் "இன்னும் ஒரு நிமிஷம் சார், இன்னும் ஒரு நிமிஷம்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். ஓடத் தெரியாத, ஓடக் கூடாத மனிதரையும் ஓட வைக்காமலே இதயத்தை உழைக்க வைக்கலாம் என்பதுதான் அங்கே ஏற்றத்தின் உபயோகம். மருத்துவர் சொல்லி, மெதுவாகக் கூட்டிக்கொண்டு போனால் நமக்கும் அது மருந்துதான். ஆனால் அது ஏற்றத்தின் கணக்கு. காற்றை ஈடுகட்டும் கணக்கு வேறு. இரண்டையும் ஒரே தலைப்பில் பற்று எழுதக் கூடாது. இன்னொன்று, ஏற்றத்தை வைத்துவிட்டு முன்கம்பியைப் பிடித்துப் பின்னால் சாய்ந்து நடக்கிறவர்கள் நம் அறையில் மூன்று பேராவது இருக்கிறார்கள். திரையில் காட்டும் கலோரி அவர்களுக்குச் சேராது.

அப்படியென்றால் நிற்கும் காற்றால் நமக்கு ஒரு பாதிப்பும் இல்லையா? இருக்கிறது, வேறு விதத்தில். வெளியே நடந்தால் உடம்பில் காற்று பட்டு வியர்வை காயும், சூடு இறங்கும். உள்ளே அது நடக்காது. பிரைட்டனில் ஆறு நிமிட ஓட்டங்கள். நாம் சென்னை வெயிலில் நாற்பது நிமிடம் நடக்கிறோம். சூடு ஏற ஏற, அதே வேகத்துக்கே இதயம் கூடுதலாகத் துடிக்க வேண்டியிருக்கும். நமக்கு வேண்டியது ஏற்றம் அல்ல, எதிரே ஒரு நல்ல ஃபேன். அந்த அறையின் சுவர் ஃபேன் ஏப்ரல் மாதத்திலிருந்து பக்கவாட்டில் திரும்புவதில்லை என்பதைப் பராமரிப்புக் குழுவுக்கு இதன் மூலம் தெரிவித்துக்கொள்கிறேன்.

டிரெட்மில் வீட்டுக்கும் குடியிருப்புக்கும் வந்த கதையை இரண்டு வரியில் முடித்துவிடுகிறேன். அமெரிக்க விமானப்படை மருத்துவர் கென்னத் கூப்பர் 1968-ல் ஏரோபிக்ஸ் என்ற புத்தகம் எழுதினார். அதைப் படித்த வில்லியம் ஸ்டாப் என்ற பொறியாளர், மழையோ பனியோ வீட்டுக்குள்ளேயே ஓட ஒரு மலிவான இயந்திரம் வேண்டுமே என்று பேஸ்மாஸ்டர் 600 என்பதைச் செய்தார். 2012-ல் 96 வயதில் இறந்தார். கிட்டத்தட்ட கடைசிவரை தானும் அதில் நடந்தார் என்கிறார்கள்.

இவ்வளவையும் எழுதி வைத்துக்கொண்டு, சுவர்த்தாளை எடுத்துவிடச் சொல்லிச் செயலாளருக்கு ஒரு கடிதமும் தயார் செய்தேன். கொடுப்பதற்கு முன், எதற்கும் இயந்திரத்தையும் ஒரு முறை சரிபார்த்துவிடலாம் என்று தோன்றியது. ஏ பிளாக்கில் டைல்ஸ் வேலை நடக்கிறதே, அந்த மேஸ்திரியிடம் ரசமட்டத்தை ஐந்து நிமிடம் இரவல் வாங்கி, திரையில் 0 காட்டும்போது பெல்ட்டின் மேல் நீளவாக்கில் வைத்துப் பார்த்தேன். குமிழி நடுவில் நிற்கவில்லை. அந்த அறை முதலில் ஜெனரேட்டருக்காகக் கட்டியது என்பது பழைய உறுப்பினர்களுக்கு ஞாபகம் இருக்கும். தண்ணீர் விட்டுக் கழுவினால் வடிவதற்காகத் தரையை ஜன்னல் பக்கக் கால்வாயை நோக்கிச் சாய்த்துப் போட்டிருக்கிறார்கள். நம் டிரெட்மில் இரண்டும் ஜன்னலைப் பார்த்தபடி நிற்கின்றன. பட்டையின் நீளம் ஒன்றரை மீட்டர், முன்பக்கம் ஒன்றரை சென்டிமீட்டர் தாழ்வு. நூற்றுக்கு ஒன்று. அதாவது இத்தனை நாள் 0 வைத்து நடந்தவர்கள் இறக்கத்தில் நடந்திருக்கிறார்கள். 1 வைத்தவர்கள்தான் சமதரையில் நடந்தவர்கள். தாளை ஒட்டிய புண்ணியவான், காரணம் தப்பாக இருந்தாலும், விடையைச் சரியாகவே எழுதியிருக்கிறார்! நான் 5 என்று நினைத்து அவதிப்பட்டதும் 4-தான்.

டி பிளாக் தம்பியிடம் குமிழியைக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "அப்போ என்னோட ஆறு மாச டைமிங் எல்லாம், அங்கிள்?" என்றார். பிறகு அவரே ஸ்பானர் கொண்டுவந்து இரண்டு இயந்திரத்தின் முன்கால் திருகுகளையும் உயர்த்திக் கொடுத்தார். போன ஞாயிற்றுக்கிழமை முதல் இரண்டிலும் 0 என்றால் 0. பி பிளாக் மாமி திங்கட்கிழமை வந்து இருபது நிமிடம் நடந்துவிட்டுப் போனார். தாள் இன்னும் சுவரில்தான் இருக்கிறது. எடுக்க வேண்டுமானால் செயற்குழுத் தீர்மானம் வேண்டும் என்கிறார் செயலாளர். அடுத்த கூட்டத்தின் பொருள்நிரலில் ஏழாவது விஷயமாகச் சேர்த்திருக்கிறார்கள்.